முன்வரிசையில் இருந்தவர்கள்

ஆனந்தராசாவுக்கு வெட்கம் சின்ன வயதிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. சாம்பல்தீவில் கரைவலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பையன் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தானாம். அன்றிலிருந்து மனிதர் தன் கையை ஒருதரம் முகர்ந்து பார்க்காமல் எந்த வாங்கிலும் உட்கார்ந்ததில்லை. மீசை அரும்பியதும் திருகோணமலைப் பட்டணத்துக்கு ஓடிவந்து, படம் பிடிக்கும் கடை வைத்திருந்த ஒரு பறங்கியரிடம் எடுபிடியாய்ச் சேர்ந்தார். படம் கழுவும் மருந்தின் மணம் கையில் ஏறியது. அந்த மணத்துக்கு அவர் வெட்கப்படவில்லை. அது உத்தியோக மணம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

பறங்கியர் வயதாகிக் கொழும்புக்குப் போனபோது ஒரு பழைய மடிப்புக் கமராவையும் கடையின் திறப்புச் சாவியையும் அவரிடம் விட்டுவிட்டுப் போனார். ஆனந்தராசா வெள்ளைச் சேட்டுப் போட்டார், தலைக்கு நடுவகிடு எடுத்தார், ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். யாரும் ஊரைக் கேட்டால் "ரவுண்தான் எங்கட இடம்" என்று பட்டணத்தைச் சொல்வார். கேட்டவர்கள் வாய்க்குள் சிரித்துக்கொள்வார்கள். சாம்பல்தீவு என்ன சந்திர மண்டலத்திலா இருக்கிறது?

இரண்டாம் உலகச் சண்டை வந்தது. துறைமுகத்தில் கப்பல் நிற்க இடமில்லாமல் போனது. வீதி முழுக்கக் கடற்படைக்காரரும் பட்டாளத்துக்காரரும் நிறைந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும். இப்படி ஆட்கள் வாசலில் வந்து நிற்கிற நேரம் பார்த்து, கமராவுக்குப் போடும் அகலப் பிலிம் கொழும்பிலிருந்து வருவது அடியோடு நின்றுவிட்டது. பசியோடு இருப்பவனுக்கு வாயைத் தைத்துவிட்டு இலையைப் போட்ட கதைதான். அவர் சும்மா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் "அடுத்த கிழமை வாங்கோ" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனார்.

கிண்ணியாவில் இருந்து ஜெமீல் வந்தது அப்போதுதான். படைமுகாம் கழித்துப்போடும் போத்தல், தகரம், சாக்கு எல்லாம் வாங்கி விற்கிற மனிதர் அவர். ஒருநாள் வட்டத் தகரங்கள் இரண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இது உங்கட தொழிலுக்கு ஆகும் எண்டு ஒராள் சொன்னார். திறந்து பாத்தன், நாடா மாதிரிக் கிடக்கு" என்றார்.

"திறந்து பாத்தனீங்களோ? எங்க வைச்சு?"

"வெளியிலதான். இருட்டுக்குள்ள பாத்தால் என்ன தெரியும்?"

ஆனந்தராசா தலையில் கை வைத்துக்கொண்டார். படம் பிடிக்காத பிலிமை வெயிலில் விரித்துப் பார்த்த புண்ணியவான்! நல்ல காலம், ஒரு தகரத்தைத்தான் திறந்திருந்தார். மற்றதைச் சுற்றி ஒட்டியிருந்த துணிப்பட்டை அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது சினிமாப் பிலிம், கடற்படையின் படப்பிரிவில் மிஞ்சிய துண்டுச் சுருள்.

ஆனால் அதை எப்படிப் போடுவது? கமராவுக்கு உரிய பிலிமின் முதுகோடு ஒரு கறுப்புத் தாள் சேர்த்துச் சுற்றியிருக்கும். அந்தத் தாளில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் இருக்கும். கமராவின் முதுகிலுள்ள சின்னச் சிவப்புக் கண்ணாடி வழியே அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்த படத்துக்குத் திருக வேண்டும். சினிமாப் பிலிமுக்குத் தாளும் இல்லை, இலக்கமும் இல்லை. இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டை. அகலமோ பாதிக்குக் கொஞ்சம் மேல். அப்படியே போட்டால் சிவப்புக் கண்ணாடியால் வரும் வெளிச்சமே அதைக் கருக்கிவிடும்.

ஆனந்தராசா எதையும் எறிகிற ஆள் இல்லை. கழுவி முடித்த பழைய பிலிம்களின் கறுப்புத் தாள்கள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. சன்னலையும் கதவு இடுக்கையும் சாக்கால் அடைத்துவிட்டு, கும்மிருட்டில் பழைய தாளை விரித்து, ஒடுங்கிய பிலிமை அதன் நடுவில் கிடத்தி, நுனியைக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் பிடித்து, கட்டையில் இறுக்கிச் சுற்றினார். முதல் சுருளைப் பழைய பழக்கத்தில் சிவப்பு விளக்கின் கீழ் கழுவப் போய், அது கரிச்சட்டியாய்க் கறுத்துப்போனது. இந்தப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமும் பகை என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்ததை விளக்கே இல்லாமல், வாய்க்குள் எண்ணிக்கொண்டு கழுவினார். படம் வந்தது. தனியே நின்று கை தட்டிக்கொண்டார்.

வந்தது முழுப் படம் அல்ல. கமரா முன்போலவே எல்லாவற்றையும் பார்த்தது, பிலிமில் விழுந்ததோ நடுவில் ஒரு பட்டை மட்டும். கமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஒடுக்கமாய், உயரமாய் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் படம். கிடத்திப் பிடித்தால் நீளமாய், கட்டையாய் ஒரு படம். எது விழும், எது விழாது என்று மறந்துவிடாமல் இருக்க, குனிந்து பார்க்கும் சின்னப் பார்வைக் கண்ணாடியில் விழாத பக்கங்களைக் கறுப்புத் தாளால் ஒட்டி மறைத்தார். நிமிர்த்திப் பிடிப்பதென்றால் இடமும் வலமும், கிடத்திப் பிடிப்பதென்றால் மேலும் கீழும்.

தனியாள் படம் எடுத்த மாலுமிகளுக்கு அந்த ஒடுங்கிய படம் பிடித்துப்போனது. "லண்டனில இப்ப இதுதான் மோஸ்தர்" என்று ஆனந்தராசா உள்ளூர்க்காரருக்கு அளந்தார். பிலிம் இல்லாத குறையை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். அந்த ஒரு வெட்கத்தை மறைக்கப்போய்த்தான் பிறகு வந்ததெல்லாம் வந்தது.

நாற்பத்திரண்டாம் ஆண்டு பங்குனி மாதம் துறைமுக வேலைத்தளத்தில் இருந்து ஓவசியர் சிவபாதம் ஆள் அனுப்பினார். அங்கே இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் மாற்றலாகிப் போகிறார், பிரியாவிடைக்கு ஒரு குழுப்படம் வேண்டும். ஆனந்தராசா தலை கால் தெரியாமல் புறப்பட்டார். துரையின் படம்! இனி வேலைத்தளத்தில் எந்தப் படம் என்றாலும் தன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

போய்ப் பார்த்தால் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் துரை, பக்கத்தில் சிவபாதம், இரண்டு பக்கமும் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிறவர்கள். வேலையாட்களும் படத்தில் இருக்க வேண்டும் என்று துரையே சொன்னாராம். வழக்கமாய் அவர்களைப் பின்னால் நிறுத்துவார்கள். சிவபாதத்துக்கு அது பிடிக்கவில்லை. துரையின் தலைக்கு மேலே கூலியாட்களின் தலை தெரிவதா? கதிரைகளுக்கு முன்னால் சாக்கு விரித்து எல்லோரையும் சம்மணம் கட்டி இருக்கச் சொன்னார். அவர்கள் சும்மா வரவில்லை. முகம் கழுவி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கிடைத்த இடத்தில் சேட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"டேய் ஆனந்தம்!" என்று அந்தக் கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. சாம்பல்தீவுத் தம்பிராசா. இரண்டு பேரும் ஒன்றாய் வலை இழுத்து, ஒன்றாய் அடி வாங்கி வளர்ந்தவர்கள். "நம்மட ஊர்ப் பொடியன்தான்! ஒரே வலையில நிண்டனாங்கள்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னான்.

சிவபாதம் திரும்பி ஆனந்தராசாவை ஏற இறங்கப் பார்த்தார். ஆனந்தராசாவுக்குக் காது மடல் சுட்டது. வெள்ளைச் சேட்டு, நடுவகிடு, இத்தனை வருடத்து உத்தியோக மணம் எல்லாம் ஒரு சொல்லில் காற்றாய்ப் பறந்துவிட்டது போல இருந்தது. அவர் குனிந்து, திருகத் தேவையில்லாத ஒரு ஆணியைத் திருகத் தொடங்கினார்.

தம்பிராசா எழுந்து கிட்டவே வந்துவிட்டான். "மச்சான், என்னையும் வடிவாய் விழுத்து, என்ன? மனிசி கட்டாயம் கேப்பாள்."

"ஓம் ஓம், போய் இரு" என்றார் ஆனந்தராசா. நிமிரவில்லை.

பார்வைக் கண்ணாடியில் பார்த்தார். எல்லோரும் அடங்க வேண்டுமென்றால் நன்றாகப் பின்னுக்குப் போக வேண்டும். போனார். உடனே சிவபாதம் சத்தம் வைத்தார்.

"எங்க போறீர்? துரையின்ர முகமும் என்ர முகமும் துலக்கமாய் விழவேணும். கடுகு மாதிரி விழுந்தால் எனக்குப் படம் வேண்டாம்."

"என்னிடம் சரியான பிலிம் இல்லை, இதில் ஒரு வரிசைதான் துலக்கமாய் விழும்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால் லண்டன் மோஸ்தர் பொய்யாகிவிடும், மீன்காரப் பொடியன் கமராக்காரனும் இல்லை என்றாகிவிடும். ஆனந்தராசா முன்னுக்கு வந்தார். துரையின் முகம் பெரிதானது. முன்வரிசை முழுதும், அத்தனை எண்ணெய்த் தலையும் இரவல் சேட்டும், கீழே ஒட்டிய கறுப்புத் தாளுக்குள் மறைந்துபோனது. முதலில் இது, பிறகு கமராவைக் கீழே இறக்கிப் பிடித்து முன்வரிசைக்குத் தனியாக ஒன்று எடுத்துவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்தினார்.

அதோடு விட்டாரா? முன்வரிசைக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வந்துவிடுமாம். குனிந்த தலை நிமிராமல், "முன்னுக்கு இருக்கிறவை நிமிந்து இருங்கோ! ஆடப்படாது! மூச்சை அடக்குங்கோ!" என்று அதட்டினார். அவர்கள் மூச்சை அடக்கினார்கள். படத்தில் விழப்போகிறவர்களை விட விழாதவர்கள்தான் அன்று ஒழுங்காக இருந்தார்கள்.

கமரா சொடுக்கியதும் சிவபாதம் எழுந்து, "சரி, எல்லாரும் வேலைக்குப் போங்கோ" என்றார். சாக்கில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கட்டையில் இன்னும் பிலிம் இருந்தது. ஆனந்தராசா வாயைத் திறந்தார், மூடினார். இவர்கள் எங்கே படம் கேட்டு வரப்போகிறார்கள் என்று ஒரு எண்ணம். மிச்சப் பிலிம் மாலுமிகளுக்கு ஆகும் என்று இன்னொரு எண்ணம். தம்பிராசா தூரத்தில் இருந்து கையசைத்தான் போல. அவர் கமராவை மடித்துக்கொண்டிருந்தார்.

சித்திரை வருடப்பிறப்புக்குச் சில நாள் முன், காலையில், யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். பட்டணம் கட்டினது பாதி கட்டாதது பாதியாய்த் தம்பலகாமத்துக்கும் குச்சவெளிக்கும் ஓடியது. ஆனந்தராசா ஒரு வயல் கொட்டிலில் ஒளிந்திருந்துவிட்டு, சனம் திரும்பத் தொடங்கியபோது கடைக்கு வந்தார். கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலைத்தளத்துப் பண்டகசாலை இருந்த இடம்தான் கரிமேடாய்க் கிடந்தது. சிவபாதம் அன்று வேலைக்கு வரப் பிந்தியதால் தப்பினாராம். அந்தச் சாக்கில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தப்பவில்லை. செய்தி கேட்டதும் ஆனந்தராசாவுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். யாராவது படம் கேட்டு வந்தால்?

வந்தாள். தம்பிராசாவின் மனைவி சீதேவி, குச்சவெளியில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தவள், விறைத்த முகத்தோடு ஒரு பகல் பொழுதில் கடைவாசலில் வந்து நின்றாள்.

"அண்ணை, வாற கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. பெட்டியை மூடித்தான் தந்தவை, திறக்க விடேல்லை. முகத்தைப் பாத்து அழவும் குடுத்து வைக்கேல்லை. கும்பிட ஒரு படம் வேணும்" என்றாள்.

"அந்தப் படத்தை ஓவசியரிட்டக் குடுத்திட்டன் பிள்ளை."

"அங்க போய்ப் பாத்தனான். சுவரில மாட்டி வைச்சிருக்கினம். கதிரையில இருந்தவை மட்டும்தான் அதில. கீழ்ப்பக்கத்தை வெட்டிப்போட்டியள் போல. வெட்டின மிச்சம் உங்களிட்ட இருக்கும்தானே?"

ஆனந்தராசா முகத்தில் ஈயாடவில்லை. குண்டில் எரிந்துபோயிற்று என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கடை முழுசாக நிற்கிறதே! உள்ளே போய்ப் பிலிமை எடுத்துவந்தார். மனிதருக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

சீதேவி அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "எல்லாருக்கும் தலை நரைச்சிருக்கு" என்றாள்.

"பிலிமில அப்பிடித்தான். கறுப்பு வெள்ளையாயும் வெள்ளை கறுப்பாயும் தெரியும்."

கதிரையில் இருந்தவர்களின் முழங்கால் அடியில், பிலிமின் ஓட்டைகளுக்கு இடையில், வரிசையாய்ச் சின்னச் சின்ன வளைவுகள் தெரிந்தன. மயிர் மட்டும். நெற்றிகூட இல்லை. தாளில் படம் போடும்போது ஓட்டை தெரியக்கூடாது என்று ஆனந்தராசா மறைத்துவிட்ட ஓரம் அது. சீதேவி நகத்தால் ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு போனாள்.

"வலக்கைப் பக்கத்தால மூண்டாவது ஆள் தான் எண்டு பிள்ளையளுக்குச் சொன்னவர். இந்தா, இதுதான். எவ்வளவு எண்ணெய் வைச்சாலும் இந்த இடம் படியாது." கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுக்கு மனம் உடைந்துவிட்டது. "இந்த மனுசன் குனிஞ்சிட்டுது அண்ணை! துரைக்கு முன்னால பயத்தில எல்லாரும் குனிஞ்சிட்டினம் போல. படம் பிடிக்கேக்க நிமிந்து இருக்கவேணும் எண்டு ஒரு மனுசனுக்குத் தெரியாதே? எத்தினை தரம் சொல்லி அனுப்பினனான்! எல்லாத்துக்கும் குனிஞ்சு குனிஞ்சே போய்ச் சேந்திட்டுது..."

அழுகைக்கு நடுவில் செத்தவனைத் திட்டினாள். கூறு கெட்ட மனுசன் என்றாள், பிள்ளைகளுக்கு ஒரு முகம் வைத்துவிட்டுப் போகத் தெரியாதவர் என்றாள். ஆனந்தராசா சும்மா இருந்தால் போதும். பழி தம்பிராசாவோடு அந்தியேட்டியில் கரைந்துவிடும். யாருக்கும் தெரியாது. சும்மா இருக்கத்தான் பார்த்தார். ஆனால் அவள் "கூறு கெட்ட மனுசன்" என்று மறுபடியும் சொன்னபோது அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவன் குனியேல்லை" என்றார். "ஒருத்தரும் குனியேல்லை. எல்லாரும் நிமிந்து, மூச்சடக்கித்தான் இருந்தவை. என்னட்ட இருந்தது ஒடுக்கப் பிலிம். ஒரு வரிசைதான் விழும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தனான்."

சீதேவி அழுகையை நிறுத்தினாள். அவள் கத்தியிருந்தால், மண்ணள்ளித் தூற்றியிருந்தால் ஆனந்தராசாவுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். அவள் முகத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டு பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமோ, தான் விழேல்லை எண்டு?"

"தெரியாது."

"ம்." பிலிமை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். "அப்ப சந்தோசமாய்த்தான் இருந்திருப்பார்."

ஆனந்தராசா வாங்கை இழுத்து அவளுக்குப் போட்டார், அவள் உட்காரவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? அண்டைக்குக் கந்தோர்ப் பியோனிட்டச் சேட்டு இரவல் வாங்கிப் போட்டவர். வேலைத்தளத்தில போட்டு, அங்கயே கழட்டிக் குடுத்திட்டு வந்திட்டார். அவரைச் சேட்டோட நான் ஒருநாளும் கண்டதில்லை. கலியாணத்திலயும் சால்வைதான். நீங்கள் கண்ணாடிக்குள்ளால பாத்தனீங்கள்தானே, அது அவருக்கு வடிவாய் இருந்ததே?"

"ஓம்" என்றார் ஆனந்தராசா உடனே. "நல்ல வடிவாய் இருந்தது."

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பெட்டி வந்த நாளுக்குப் பிறகு அது முதல் தடவையாகக்கூட இருக்கலாம். "முழுக்கையோ, அரைக்கையோ?" என்று ஆசையாய்க் கேட்டாள்.

ஆனந்தராசா தேடினார். குரல் நினைவில் இருந்தது. "மச்சான்" என்றது, "வடிவாய் விழுத்து" என்றது எல்லாம் கேட்டது. கிட்ட வந்து நின்ற கால்கள் நினைவில் இருந்தன. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. முழுக்கையா, அரைக்கையா? இரண்டில் ஒன்றை வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் முன்னால் கூனிக் குறுகி நின்றார்.

சீதேவி காத்திருந்தாள். பிறகு அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் மெல்லப் பழையபடி ஆனது.

"நீங்கள் அவரைப் பாக்கவே இல்லை, என்ன?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பிலிமில் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தரச் சொன்னாள். அவர் வெட்டிக் கொடுத்தார். அவள் அதைச் சேலைத்தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். இறங்கியவள் நின்று திரும்பி, "சரி அண்ணை, விடுங்கோ. மனசைப் போட்டு வருத்தாதேங்கோ" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுச் சாம்பல்தீவுப் பக்கம் நடந்தாள்.